கண்காணிக்கிறாங்கன்னு பயப்படுறவர் கையில ஒரு செல்போன்

மெஷினைப் பார்த்து மனுஷன் பயப்பட ஆரம்பிச்சு எத்தனை வருஷம் இருக்கும்? உடனே எந்திரன், டெர்மினேட்டர்னு சினிமாப் பக்கம் போயிடாதீங்க மக்களே. இந்தப் பயம் ஒரு வைத்தியர் எழுதின புத்தகத்துல ஏறியே 200 வருஷத்துக்கு மேல ஆச்சு.

லண்டன்ல ஜேம்ஸ் டில்லி மாத்யூஸ்னு ஒரு தேயிலை வியாபாரி. பெத்லம் மனநோய் விடுதியில் அடைபட்டுக் கிடந்தவர். அவர் சொன்னது இதுதான்: பக்கத்துல ஒரு நிலவறையில ஒரு கும்பல் உட்கார்ந்திருக்கு. அவங்ககிட்ட 'காற்றுத் தறி'ன்னு ஒரு யந்திரம் இருக்கு. பீப்பாய்ல இருந்து வாயுக்களை அதுக்குள்ள செலுத்தி, தூரத்துல இருந்தே என் மூளைக்குள்ள நினைப்பை ஏத்துறாங்க, இருக்கிற நினைப்பை உருவுறாங்க. அங்கே பணிபுரிந்த ஜான் ஹாஸ்லம் இதை 1810ல் புத்தகமாகவே போட்டார். மாத்யூஸ் தன் கையால வரைஞ்ச யந்திரப் படமும் அதுல இருக்கு. நம்ம டிசைன் டாக்குமெண்டை விட நீட்டா இருக்கும் :-)

அது எந்தக் காலம்னு கவனிங்க. விசைத்தறியும் வாயு வேதியியலும் இங்கிலாந்துல புதுசா ஓடிக்கிட்டிருந்த நேரம். நோயாளி தன் பயத்துக்குத் தேவையான பார்ட்ஸை அந்தக் காலத்துக் கடையிலதான் வாங்கியிருக்கார்.

1919ல் வியன்னாவைச் சேர்ந்த விக்டர் டவுஸ்க்னு ஒரு மருத்துவர், மனச்சிதைவு நோயாளிகள் பலரும் 'ஆட்டிவைக்கிற யந்திரம்' ஒன்றைப் பற்றிச் சொல்வதைக் கட்டுரையா எழுதினார். இப்போ பெட்டி, நெம்புகோல், சக்கரம், ஒயர், பேட்டரி. அதுக்கப்புறம் ரேடியோ, டிவி, சேட்டிலைட், உடம்புக்குள்ள சிப். நோய் பழசு, உதிரிபாகம் மட்டும் புதுசு.

உசிலம்பட்டிக்கும் இதெல்லாம் வந்து சேர்ந்தது. நான் பள்ளிக்கூடம் போயிட்டிருந்தப்போ எங்க தெருவுல ஒரு அண்ணன். நல்லாப் படிச்சவர். திடீர்னு ராத்திரி தூங்கறதில்ல, தனியாப் பேசுறார். செல்போன் டவர் தன் நினைப்பை எடுத்து ஊர் பூரா ஒலிபரப்புதுன்னு சொல்லி, போனைப் பாலித்தீன் பையில சுத்தித் தோட்டத்துல புதைச்சுட்டார். முதல்ல கோடாங்கி பார்த்தாங்க. "செய்வினை"ன்னாங்க. கடைசியாத்தான் மதுரை பெரியாஸ்பத்திரி. எங்க ஊர்ல இருந்து மதுரை நாப்பது கிலோமீட்டர்கூட இல்ல. அந்தத் தூரத்தைக் கடக்க அந்தக் குடும்பத்துக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.

நான் இன்ஜினியரிங் சேர்ந்த பிறகு ஒரு நாள் அந்த அண்ணனோட அம்மா என்கிட்ட கேட்டாங்க. "ஏப்பா, நீ கம்ப்யூட்டர் படிக்கிறவந்தானே. அந்த டவர் நெசமாவே இவன் எங்க போறான், என்ன பண்றான்னு பார்க்குதா?"

என்னன்னு சொல்றது? நினைப்பை எடுக்காது பெரியம்மா. ஆனா எங்க போறாருன்னு அதுக்குத் தெரியும். அதுதான் உண்மை. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

இப்போ மறுபக்கம். மெஷினை வச்சு இந்த நோயைப் புரிஞ்சுக்கலாம்னு நினைச்சவங்க கதை. 1966ல் ஜோசப் வைசன்பாம் 'எலைஸா'வை எழுதினது நம்ம ஆளுங்க நிறைய பேருக்குத் தெரியும். நாம சொல்றதையே கேள்வியாத் திருப்பிக் கேட்கிற டாக்டர் புரோகிராம். அதுக்கு எதிர் நாற்காலியில உட்காருறதுக்கு ஆள் வேணுமே? கென்னத் கோல்பின்னு ஒரு மனநல மருத்துவர், ஸ்டான்ஃபோர்டில் 1972ல் 'பேரி'யை உருவாக்கினார். மாஃபியா தன்னைத் துரத்துதுன்னு நம்புற 28 வயசு ஆள் மாதிரி அது பேசும். அதோட உரையாடல்களையும் நிஜ நோயாளிகளோட உரையாடல்களையும் கலந்து 33 மனநல மருத்துவர்கள்கிட்ட காட்டினாங்க. சரியாக் கண்டுபிடிச்சது 48 சதவீதம். காசு சுண்டிப் போட்டுச் சொல்ற மாதிரிதான். அதே வருஷம் அர்பாநெட் வழியா எலைஸாவையும் பேரியையும் பேச விட்டாங்க. அந்த உரையாடல் ஆர்எஃப்சி 439ங்கிற பேர்ல 1973ல் வந்தது. எழுதினவர் வின்ட் செர்ஃப். இன்டர்நெட்டோட அப்பாக்கள்ல ஒருத்தர்!

சிரிப்பா இருந்தாலும் ஒரு விஷயம் உறுத்துது. அந்தப் பேச்சுல ரெண்டு பக்கமும் மனுஷனே இல்ல.

நம்ம ஊர் வரலாறு வேற பாதையில போச்சு. இங்க பிரச்சினை மெஷினே இல்ல, டாக்டர் இல்லாததுதான். 2015-16ல் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, சைக்கோசிஸ் இருக்கிறவங்கள்ல சுமார் முக்கால்வாசிப் பேர் சிகிச்சையில் இல்லை. லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாடு இது. அந்த வெற்றிடத்துல என்ன நடக்கும்ங்கிறதை 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில பார்த்தோம். தர்கா பக்கத்துல இருந்த ஒரு காப்பகத்துல தீ. சங்கிலியால கட்டி வச்சிருந்ததால ஓட முடியாம 28 பேர் செத்துப் போனாங்க. எங்க ஊர்ல இன்னமும் "ஏர்வாடிக்குத்தான் கூட்டிட்டுப் போகணும் உன்னை"ன்னு கிண்டலாச் சொல்றவங்க இருக்காங்க. அந்த வார்த்தைக்குள்ள 28 பேர் இருக்காங்கன்னு அவங்களுக்குத் தெரியாது.

இந்தப் பின்னணியில சென்னையில நடந்ததைப் பார்க்கணும். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர்னு சொல்லப்படுற சாரதா மேனன், கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பில் நீண்ட காலம் இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு 1984ல் 'ஸ்கார்ஃப்' என்கிற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அதுக்கும் முன்னாடி, 1981ல் ஆரம்பிச்ச ஒரு ஆய்வு இருக்கு. புதுசா நோய் வந்த 90 பேரை எடுத்துக்கிட்டு, வருஷக்கணக்கா அவங்க பின்னாடியே போனாங்க. ஆர். தாரா தொடர்ந்து எழுதிய இந்த 'மெட்ராஸ் ஆய்வு' இருபது வருஷத்தையும் தாண்டிப் போச்சு. சென்சார் கிடையாது, ஆப் கிடையாது. வீட்டு விலாசத்தைத் தேடிப் போய், அம்மாகிட்டயும் பொண்டாட்டிகிட்டயும் பேசி எடுத்த டேட்டா.

2010ல் இதே ஸ்கார்ஃப் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு ஒரு பஸ் அனுப்புச்சு. உள்ளே டிவித் திரை, கேமரா, இன்டர்நெட் இணைப்பு, கூடவே மருந்துக் கடை. நோயாளி ஊர்ல பஸ்ஸுக்குள்ள உட்காருவார். டாக்டர் கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர் தள்ளிச் சென்னையில. பார்த்து முடிச்சதும் மாத்திரை அங்கேயே கையில. ஆனா எனக்குப் பெரிசாப் பட்டது கேமரா இல்ல. அந்தப் பகுதியிலேயே ஆட்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாப் போக வச்சாங்க. யார் வீட்டுல ஆளை உள்ள பூட்டி வச்சிருக்காங்க, யார் மாத்திரையை நிறுத்திட்டாங்கன்னு தெரிஞ்சவங்க அவங்கதான். வீடியோ கான்ஃபரன்ஸ் கடைசி இணைப்பு. முதல் இணைப்பு வாசல்ல வந்து நின்ன அந்த மனுஷி. நாடு முழுக்கத் தொலைமருத்துவ விதிமுறைகள் முறையா வந்தது 2020 மார்ச்சுலதான், கொரோனா வந்த பிறகு. இந்த பஸ் பத்து வருஷம் முந்திக்கிச்சு.

பஸ்ஸுக்கு அடுத்த கட்டம் பாக்கெட்டுக்குள்ள இருக்கிற போன். 2018ல் ஹார்வர்ட் ஆட்கள் ஒரு சின்ன ஆய்வு வெளியிட்டாங்க. மனச்சிதைவு உள்ள 17 பேரோட போனை மூணு மாசம் கவனிச்சது. எவ்வளவு தூரம் நடக்கிறார், எத்தனை பேருக்கு மெசேஜ் போடுறார் என்கிற மாதிரி விவரங்கள்தான். நோய் திரும்புறதுக்கு முந்தின ரெண்டு வாரத்துல, வழக்கத்துக்கு மாறான அசைவுகள் மற்ற நாளை விட 71 சதவீதம் அதிகம். நாம சர்வர் லாகுல பார்க்கிற அதே அனாமலி டிடெக்‌ஷன்! பிறகு பாஸ்டன், பெங்களூரு நிமான்ஸ், போபால்னு மூணு ஊர்ல சேர்ந்து இதையே பெரிசாச் செஞ்சு 2023ல் வெளியிட்டாங்க. அங்கேயும் நோய் திரும்புறதுக்கு முந்தின மாசத்துல இந்த விலகல்கள் சுமார் ரெண்டு மடங்கு.

பேச்சை வச்சும் செய்யுறாங்க. 2015ல் நியூயார்க்கில் நோய் வர வாய்ப்புள்ள 34 இளைஞர்களோட பேச்சைக் கம்ப்யூட்டர் அலசி, பின்னாடி யாருக்கு நோய் வந்ததுங்கிறதை நூத்துக்கு நூறு பிரிச்சுக் காட்டுச்சு. நோய் வந்தது வெறும் 5 பேருக்கு. சாம்பிள் சின்னதா இருந்தா நூறு சதவீதம் வரும்னு உங்களுக்குத் தெரியாததா! 2018ல் வேறொரு குழுவில் பயிற்சி கொடுத்துச் செஞ்சப்போ 83 சதவீதம். அதையே பழைய நியூயார்க் குழுவுல போட்டுப் பார்த்தா 79. அதுவும் சாதாரணம் இல்ல.

ஆனா தமிழுக்கு வந்தா என்ன ஆகும்? 2015 ஆய்வுல அளந்த விஷயங்கள்ல ஒண்ணு, ஆங்கிலத்துல வாக்கியங்களைக் கோக்குற 'தட்', 'விச்' மாதிரியான சொற்கள். நமக்கு அந்தச் சொல்லே கிடையாது. 'நேத்து சந்தையில பார்த்த ஆளு'ன்னு சொன்னா 'பார்த்த'ங்கிற எச்சத்துலயே வேலை முடிஞ்சது. அடுத்து, புத்தகத் தமிழை வச்சுப் பழக்கின மாடல் முன்னாடி எங்க ஊர்க்காரர் "என்னாங்குறாய்ங்க, வந்தாய்ங்களா இல்லியா"ன்னு ஆரம்பிச்சா, அது கோவையில்லாத பேச்சுன்னு குறிச்சு வச்சுடும். இன்னொண்ணு, "குலசாமி வந்து பேசுச்சு"ன்னு எங்க ஊர்ல சாமியாடுறவர் சொன்னா அது நோய் இல்ல. அதே வாக்கியத்தை அந்த அண்ணன் சொன்னப்போ நோய். வித்தியாசம் வாக்கியத்துல இல்ல. அவர் தூங்கினாரா, சாப்பிட்டாரா, அந்தக் குரல் அவரைப் பயமுறுத்துச்சாங்கிறதுல இருக்கு. அது தெரிஞ்சது அவங்கம்மாவுக்கு.

ரொம்ப தூரம் போன ஒரு உதாரணமும் சொல்லிடறேன். 2017 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, சென்சார் வச்ச மனநோய் மாத்திரை ஒண்ணுக்கு அனுமதி கொடுத்தது. முழுங்கினதும் வயித்துக்குள்ள இருந்து சிக்னல் போகும், உடம்புல ஒட்டின பட்டை அதை வாங்கிப் போனுக்கு அனுப்பும். மாத்திரை போட்டாரா இல்லியான்னு தெரிஞ்சுடும். எங்க பக்கம் 'இடுமருந்து'ன்னு ஒரு நம்பிக்கை உண்டு. சோத்துல கலந்து மருந்து வச்சுட்டாங்க, அது வயித்துல உட்கார்ந்து ஆளை ஆட்டிவைக்குதுன்னு. அதை எடுக்கன்னே ஆள் இருப்பாங்க. அப்படி நம்புற ஒருத்தர்கிட்ட போய், "இல்லப்பா, இந்தத் தடவை உன் வயித்துல நெசமாவே ஒண்ணு வச்சிருக்கோம், உன் நல்லதுக்குத்தான்"னு சொல்லிப் பாருங்க. அந்த சென்சாரைச் செஞ்ச கம்பெனி 2020ல் திவாலாச்சு.

நான் டெக்னாலஜிக்கு எதிரி இல்ல. சோறு போடுறதே அதுதான். லண்டன்ல ஜூலியன் லெஃப்னு ஒரு மருத்துவர், நோயாளியின் காதுல கேக்குற குரலுக்குத் திரையில ஒரு முகம் கொடுத்து, அதுகூட எதிர்த்துப் பேசப் பழக்கினார். 2018ல் 150 பேர்கிட்ட செஞ்ச சோதனையில, 12 வாரத்துல அந்தக் குரல்களோட கொடுமை ஆதரவான கவுன்சிலிங் பெற்றவங்களை விட நல்லாவே குறைஞ்சது. அதுல அந்த உருவத்தை இயக்கிப் பேசுறது பக்கத்து அறையில இருக்கிற சிகிச்சையாளர். யார் பேசுறாங்கன்னு நோயாளிக்கும் தெரியும். ஒளிவுமறைவு இல்ல.

இங்கதான் கோடு போடணும்னு நினைக்கிறேன். மாத்யூஸோட காற்றுத் தறியில அவர் பயந்தது யந்திரத்துக்கு மட்டுமில்ல. நிலவறையில ஒளிஞ்சிருந்த கும்பலுக்கு. தன்னைப் பத்தின விஷயம் தனக்குத் தெரியாத யாரோ கையில இருக்குங்கிறதுதான் அந்தப் பயத்தோட மையம். போன்ல ஆப் போட்டு அந்த டேட்டாவை எங்கேயோ ஒரு சர்வருக்கு அனுப்பி, எதுக்குன்னே சொல்லாம விட்டா, நாமளே அந்த நிலவறையைக் கட்டிக் கொடுக்கிறோம். அதே டேட்டாவை நோயாளிகிட்டயே காட்டி, "இந்த வாரம் நீங்க வெளிய போகவே இல்ல, தூக்கமும் குறைஞ்சிருக்கு, டாக்டர்கிட்ட பேசுவோமா?"ன்னு தெரிஞ்ச முகம் ஒண்ணு கேட்டா, அது புதுக்கோட்டை பஸ்.

சென்னையையும் மான்ட்ரியாலையும் ஒப்பிட்டு ஸ்கார்ஃபும் மெக்கில் பல்கலைக்கழகமும் சேர்ந்து செஞ்ச ஆய்வுலயும், சென்னையில சிகிச்சையோட குடும்பம் ஒட்டிக்கிட்டிருந்தது ரொம்ப அதிகம்னுதான் வந்தது. நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கிற நெட்வொர்க் அது. அதுக்கு மேல ஆப் எழுதலாம். அதைத் தூக்கிட்டு ஆப் எழுத முடியாது.

டிஸ்கி: வீட்டுல, தெருவுல யாருக்காவது இப்படி இருந்தா, தமிழக அரசின் 'நட்புடன் உங்களோடு' மனநல சேவை எண் 14416. 2022 அக்டோபரில் ஆரம்பிச்சது, கட்டணம் கிடையாது. கோடாங்கிகிட்ட போறவங்களைத் திட்டாதீங்க, போய்ட்டு வரட்டும். கூடவே இந்த நம்பரையும் எழுதிக் கொடுங்க. ரெண்டு வருஷம் மிச்சமாகும்.