இரவெல்லாம் வெந்த பானை

வளைகுடாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பணிபுரிந்து விடுமுறையில் ஊர் திரும்புவோர் கொண்டுவரும் பொருள்களுள் அண்மைக் காலமாக ‘ஸ்லோ குக்கர்’ என்னும் மின்சாரச் சட்டியும் இடம்பெறக் காண்கிறோம். கனத்த பீங்கான் சட்டி ஒன்று, அதைச் சுற்றி ஓர் உலோக உறை, மேலே கண்ணாடி மூடி. அவ்வளவுதான். காலையில் இறைச்சியையும் பருப்பையும் மசாலாவையும் இட்டு மூடிவிட்டால் மாலையில் ஆணம் ஆயத்தமாக இருக்கும். இடையில் கிளறவும் வேண்டா, அருகில் நிற்கவும் வேண்டா. நாலைந்து விசிலில் வேலையை முடிக்கும் பிரஷர் குக்கருக்குப் பழகிவிட்ட நம் வீடுகளில், “ஒரு கறிக்கு எட்டு மணி நேரமா?” என்று கேட்பவர்களே மிகுதி. மேனாட்டாரின் சோம்பலுக்கென்று செய்யப்பட்ட பொருள் என ஒதுக்குவோரும் உளர்.

இச்சட்டியின் பூர்வீகத்தைத் தேடிச் செல்வோர்க்கோ வேறொரு செய்தி கிடைக்கிறது. மின்சாரம் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, இரவில் அடுப்பேற்றிய பானையைக் காலையில் இறக்கும் வழக்கம் அரபு நாடுகளிலும் அவற்றைச் சூழ்ந்த நிலங்களிலும் வேரூன்றியிருந்தது. அவ்வழக்கத்தின் ஒரு கிளைதான் அமெரிக்காவுக்குச் சென்று மின்கம்பியைச் சுற்றிக்கொண்டு திரும்பியிருக்கிறது.

முதலில் ஹரீஸாவைக் காண்போம். இடித்தல், நசுக்குதல் எனப் பொருள்படும் அரபுச் சொல்லின் அடியாகப் பிறந்த பெயர் இது. கோதுமையும் இறைச்சியும் நீரும் உப்பும் சேர்ந்து, இரண்டும் வேறு வேறு என்று சொல்ல முடியாத அளவுக்குக் குழைந்து போவதே ஹரீஸா. பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் இப்னு ஸய்யார் அல்வர்ராக் தொகுத்த சமையல் நூலிலேயே இதற்கு இடம் உண்டு. ஹிஜ்ரி 623இல், அதாவது கி.பி. 1226இல், முஹம்மத் இப்னுல் ஹஸன் அல்பக்தாதி எழுதிய ‘கிதாபுத் தபீஹ்’ என்னும் நூல் இதன் செய்முறையை இரவின் பொழுதுகளைக் கொண்டே கூறுகிறது. இறைச்சியை வேகவைத்து, எலும்பு நீக்கி, உமி போக்கிய கோதுமையோடு சேர்த்து இரவின் முதற் கால்பகுதி வரை கிளற வேண்டும். பின்னர்க் கோழித் துண்டுகளும் கறுவாப்பட்டையும் சேரும். நள்ளிரவில் நன்றாக அடித்துக் குழைக்க வேண்டும். விடியும்வரை விட்டு, மீண்டும் கிளறி இறக்க வேண்டும். உருக்கிய ஆட்டுவால் கொழுப்பையும் பொடித்த சீரகத்தையும் மேலே தூவிப் பரிமாறுவர். மணிக்கூண்டு இல்லாத காலத்தில் சமையற்காரருக்கு இரவே கடிகாரமாக இருந்தது.

ஹரீஸா வீட்டைவிடக் கடைத்தெருவிலேயே மிகுதியாக வெந்தது. விறகும் வேண்டும், விழித்திருக்க ஆளும் வேண்டும் என்பதால் எளிய குடும்பங்கள் விடியற்காலையில் கடையில் வாங்கி உண்பதையே விரும்பின. அங்கேதான் ஒரு சிக்கலும் எழுந்தது. மூடிய பானைக்குள் நள்ளிரவில் என்ன நடக்கிறது என்பதை யார் அறிவார்? குழைந்து கூழான பிறகு எவ்வளவு இறைச்சி இட்டார் என்று எவராலும் எண்ணிப் பார்க்க முடியாது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஷாம் தேசத்தில் வாழ்ந்த அஷ்ஷைஸரீ, சந்தைக் கண்காணிப்பாளரான முஹ்தஸிபுக்கென்று ஒரு கையேடு எழுதினார். அதில் ஹரீஸா விற்போருக்குத் தனி அத்தியாயமே உண்டு. இரவில் பானைகளை ஏற்றியதும் முஹ்தஸிப் அவற்றின்மீது தம் முத்திரையை இட வேண்டும். வைகறையில் அவரே வந்து அதை உடைக்க வேண்டும். அவர் கண்ணெதிரேதான் குழைக்க வேண்டும். இடையில் இறைச்சியை எடுத்து ஒளித்துவிட்டு மறுநாள் பானைக்கும் அதையே பயன்படுத்தும் தந்திரத்தை அடைப்பதற்காகவே இந்த ஏற்பாடு. உணவுக் கலப்படத் தடுப்பு என்பது இக்காலத்துப் புதுமை என்று எண்ணுவோர் இந்த அத்தியாயத்தைப் படித்துப் பார்ப்பது நல்லது.

விருந்தோம்பலிலும் ஹரீஸாவுக்குப் பங்கு உண்டு. நம் மதுரை வரை வந்து சென்ற பயணி இப்னு பதூதா, பாரசீகத்தில் காஸரூன் என்னும் ஊரில் ஷைகு அபூ இஸ்ஹாக் அவர்களின் தங்குமடத்திற்கு வருவோர் எவராயினும் இறைச்சியும் கோதுமையும் நெய்யும் சேர்ந்த ஹரீஸாவை மெல்லிய ரொட்டியோடு அளித்து உபசரிப்பர் என்று எழுதியிருக்கிறார். எந்த நேரத்தில் எத்தனை பேர் வந்தாலும் அள்ளிப் போடத்தக்க, ஆறினாலும் கெடாமல் மீண்டும் சூடேற்றத்தக்க, சிறிதளவு இறைச்சியைக் கொண்டே பலர் வயிற்றை நிறைக்கத்தக்க உணவு இதைப் போல் வேறில்லை. ஹைதராபாத் நிஜாமின் படையில் பணியாற்றிய ஹள்ரமவ்த் அரபிகள் வழியாக இது தக்காணத்திற்கு வந்து, மசாலா ஏற்று ஹலீம் ஆயிற்று. 2010ஆம் ஆண்டு ஹைதராபாத் ஹலீமுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. காஷ்மீரத்துக் குளிர்காலக் காலைகளிலும் ஹரீஸா இன்றும் விற்கப்படுகிறது.

ஆயினும் ஸ்லோ குக்கரின் நேர் மூதாதை ஹரீஸா அன்று. ஹரீஸாவுக்கு இரவு முழுவதும் ஒரு மனிதர் உடனிருந்து கிளற வேண்டும். ஸ்லோ குக்கரோ எவரும் தொடாமல் இருந்தால்தான் நன்றாக வேகும். தொடாமல் வேகும் பானையின் வரலாறு வேறொரு தேவையிலிருந்து பிறந்தது.

யூதர்களின் ஸப்த் நாள் வெள்ளிக்கிழமை சூரியன் மறைகையில் தொடங்கிச் சனிக்கிழமை இரவில் முடிகிறது. அந்நாளில் தீ மூட்டுவதும் சமைப்பதும் அவர்கள் மார்க்கத்தில் விலக்கப்பட்டவை. எனினும் ஸப்த் நாளில் சூடான உணவு உண்பது சிறப்பெனவும் கருதப்பட்டது. ஆகவே வெள்ளி மாலையிலேயே பானையை ஏற்றி, சூடு வெளியேறாமல் மூடி, மறுநாள் தொழுகை முடிந்து திரும்பியபின் திறந்து உண்பர். சூடுள்ள உணவை எப்படிப் பொதிந்து வைக்கலாம், எப்படி வைக்கக் கூடாது என்பது பற்றி அவர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவிலேயே விதிகள் உள்ளன. இவ்வுணவுக்கு ஊர்தோறும் வேறு வேறு பெயர்கள். ஐரோப்பாவில் சோலெண்ட். மொராக்கோவில் ‘ஸ்கீனா’, அதாவது சூடானது. அங்கேயே மற்றொரு பெயர் ‘தஃபீனா’. நாம் அடக்கம் செய்வதைத் ‘தஃபன்’ என்கிறோமே, அதே அரபுச் சொல்தான். கங்குக்குள் பானையைப் புதைத்து வைத்ததால் வந்த பெயர். அரபியரின் ஹரீஸாவே ஸ்பெயின் நாட்டு யூதர்களின் ஸப்த் உணவுக்கு முன்மாதிரியாக இருந்தது என்று உணவு வரலாற்றாளர் சிலர் கருதுகின்றனர். அண்டை வீட்டாராக வாழ்ந்தவர்களிடையே அடுப்பங்கரைச் செய்திகள் மதில் தாண்டிச் செல்வதில் வியப்பில்லை.

புதைத்து வேகவைக்கும் முறை முஸ்லிம்களிடமும் உண்டு. மராகிஷ் நகரத்து ‘தன்ஜியா’வை இதற்குச் சான்றாகக் கூறலாம். இரு கைப்பிடி கொண்ட நீள்கழுத்து மண்சாடியில் இறைச்சி, பூண்டு, சீரகம், உப்பிலிட்ட எலுமிச்சை ஆகியவற்றை நிரப்பி, வாயைக் காகிதத்தால் கட்டி, பொதுக் குளியல்கூடமான ஹம்மாமின் உலைக்கு எடுத்துச் செல்வர். அங்கு நீர் காய்ச்சும் தீக்காக ஒருவர் எப்போதும் இருப்பார். அவரிடம் சிறு கூலி கொடுத்தால் சாடியைச் சூடான சாம்பலுக்குள் பல மணி நேரம் புதைத்து வைப்பார். இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள், அதிலும் கைவினைத் தொழிலாளர்களும் மணமாகாத இளைஞர்களும். வேறு வேலைக்கென எரிந்த தீயின் மிச்சச் சூட்டைச் சாப்பாடாக்கிக் கொண்ட அவர்களின் சாமர்த்தியம் பாராட்டுக்குரியது.

லித்துவேனியாவின் வில்னா நகரிலும் இதே கணக்குத்தான். வீட்டில் இரவு முழுவதும் விறகெரிக்க வசதியில்லாத யூதக் குடும்பங்கள் வெள்ளி மாலையில் தம் சோலெண்ட் பானையை ரொட்டிக் கடைக்கு அனுப்பின. ரொட்டி சுட்டு முடிந்து அணைந்த பெரிய அடுப்பு மெல்ல மெல்ல ஆறும். அந்த ஆறும் சூட்டில் மொச்சை வகைகளும் பார்லியும் உருளைக்கிழங்கும் சிறிது இறைச்சியும் விடியும்வரை வெந்தன. அந்த நகரில் வளர்ந்த ஒரு பெண்மணி பிற்காலத்தில் அமெரிக்காவில் தம் மகனிடம், சிறுமியாக இருந்தபோது பானையைச் சுமந்து ரொட்டிக் கடைக்குச் சென்றதைச் சொன்னார். அம்மகன்தான் இர்விங் நாக்கும்சன். 1902ஆம் ஆண்டு பிறந்தவர். சிகாகோவில் மின்பொறியாளராக விளங்கியவர். மின்சார வாணலி உட்படப் பல சாதனங்களை ஆக்கியவர். தாயார் சொன்ன ரொட்டிக்கடை அடுப்பை ஒரு சட்டியைச் சுற்றிக் கட்டிவிட்டால் என்ன என்று எண்ணினார். வழக்கமான மின்னடுப்பு அடியில் மட்டும் சுடும். இவரோ வெப்பக் கம்பியைக் கலத்தின் பக்கங்களைச் சுற்றி அமைத்தார். 1936இல் விண்ணப்பித்து 1940இல் காப்புரிமை பெற்றார். பின்னர்த் தம் பெயரை நாக்ஸன் என்று சுருக்கிக்கொண்டு, ‘நாக்ஸன் பீனரி’ என்னும் பெயரில் அதை விற்றார். அவரைக்காய் விதை வேகவைக்கும் சட்டி என்ற அளவிலேயே மக்கள் அதை அறிந்திருந்தனர்.

1970இல் கான்சாஸ் சிட்டியைச் சேர்ந்த ரைவல் நிறுவனம் நாக்ஸனின் தொழிலை வாங்கியது. மற்றப் பொருள்களோடு ஒன்றாக வந்த இச்சட்டியை முதலில் பெரிதாக எவரும் பொருட்படுத்தவில்லை. அதில் அவரை விதை மட்டுமன்றி எல்லா வகை உணவும் ஆக்கலாம் என்பதைச் செய்து பார்த்து உணர்ந்தபின், 1971இல் சிகாகோ வீட்டுப் பொருட்காட்சியில் ‘க்ராக் பாட்’ என்ற புதுப்பெயரில் அறிமுகப்படுத்தினர். அவ்வாண்டு 20 லட்சம் டாலராக இருந்த விற்பனை 1975இல் 9 கோடியே 30 லட்சம் டாலரை எட்டியது. காரணம் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. அமெரிக்கப் பெண்கள் பெருந்தொகையாக வேலைக்குச் செல்லத் தொடங்கியிருந்தனர். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. எரிபொருளைச் சிக்கனப்படுத்தும் எதற்கும் வரவேற்பு இருந்தது. ஸப்துக்காகத் தோன்றிய ஏற்பாடு அலுவலகத்திற்குப் போகும் தாய்மாருக்கு உதவிற்று.

நம் நாடு இதற்கு நேர் எதிரான வழியில் சென்றது. 1910இல் வங்காள மருத்துவர் இந்துமாதவ் மல்லிக் அமைத்த ‘இக்மிக் குக்கர்’, அடியில் கரித்துண்டுகள் கனன்றிருக்க அடுக்குப் பாத்திரங்களில் சோறும் பருப்பும் கறியும் தாமாக ஆவியில் வெந்துகொண்டிருக்கும் ஒரு மெல்வேகக் கலமே. தமிழகத்து முந்தைய தலைமுறையினர் அறிந்த ருக்மணி குக்கரும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. 1959ஆம் ஆண்டு வாக்கில் பிரெஸ்டிஜ், ஹாக்கின்ஸ் பிரஷர் குக்கர்கள் வந்தபின் இவை பரண் ஏறிவிட்டன. நீராவியை அடைத்து 120 பாகை வரை வெப்பத்தை ஏற்றும் பிரஷர் குக்கர், மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் தட்டுப்பாடு நிலவிய நாட்டில் பெரும் நன்மை செய்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஆட்டுக்கால் பாயாவையும் நெஞ்செலும்பையும் பற்றி மட்டும் எனக்குத் தனிக் கருத்து உண்டு. இவற்றிலுள்ள சவ்வும் தசைநாரும் கொதிநிலைக்குக் கீழான மெல்லிய சூட்டில் பல மணி நேரம் இருந்தால் இளகிக் குழம்போடு கலந்து அதற்குக் கனத்தைத் தருகின்றன. இறைச்சியும் நார்நாராகப் பிரிந்து வறளாமல் இருக்கிறது. விலை குறைந்த, கடினமான துண்டுகளே இம்முறைக்கு ஏற்றவை. ஏழைகளின் பானையாக இது தோன்றியதற்கும் அதுவே காரணம்.

மின்செலவு அச்சப்படும் அளவுக்கு இல்லை. நடுத்தர அளவுள்ள கலம் 200 வாட் அளவே எடுக்கும். எட்டு மணி நேரத்திற்கு ஒன்றரை யூனிட்டைச் சற்றே தாண்டும். ஆனால் மின்தடை குறித்து எச்சரிக்கை தேவை. பாதியில் மின்சாரம் நின்று சட்டி வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அதில் நோய்க் கிருமிகள் பெருகும்; எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியாவிட்டால் அவ்வுணவை உண்ணாமல் விடுவதே முறை. உறைந்த இறைச்சியை அப்படியே இடலாகாது. ராஜ்மா எனப்படும் சிவப்பு அவரை வகையை ஊறவைத்து, அந்நீரை வடித்து, பத்து நிமிடமாவது தனியே கொதிக்கவைத்த பிறகே இதில் சேர்க்க வேண்டும். அதிலுள்ள ஒரு நச்சுப் பொருள் மெல்லிய சூட்டில் அழிவதில்லை, வயிற்றைக் கலக்கிவிடும். மூடியை அடிக்கடி திறந்து பார்ப்பதும் கூடாது. ஒவ்வொரு முறையும் போகும் சூடு திரும்பி வர நெடுநேரம் ஆகும்.

இதில் நோன்புக் கஞ்சி காய்ச்சலாமா என்று வினவுவோர் உண்டு. வீட்டளவுக்குக் காய்ச்சலாம், அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் நன்றாகவே குழையும். தேங்காய்ப் பாலை இறுதியில் சேர்க்க வேண்டும். பள்ளிவாசல் முற்றத்தில் துடுப்பு பிடித்து நிற்போரின் வேலையை இது செய்யாது. ஹரீஸாவும் அவ்வாறே. முந்திய மாலை உமி நீக்கிய கோதுமையையும் எலும்பில்லாத இறைச்சியையும் நீர் தாராளமாக விட்டு ஏற்றினால் ஸஹர் நேரத்திற்கு இரண்டும் பூப்போல வெந்திருக்கும். அதன்பின் மத்தை எடுத்துக்கொண்டு கால்மணி நேரம் கடைய ஒருவர் எழுந்தாக வேண்டும்.