அடுத்த வீட்டாரும் கிரயப் பத்திரமும்

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே அமைந்த இராசிபுரம், நெய்க்கும் பட்டுக்கும் பெயர் பெற்ற ஊர். ஆங்கிலத்தில் எழுதிப் புகழ்பெற்ற ஆர். கே. நாராயணின் பெயரில் முன்நிற்கும் எழுத்து இவ்வூரையே குறிக்கும். 1997இல் இது புதிய நாமக்கல் மாவட்டத்தில் சேர்ந்தது; 2013இல் சேலம் – கரூர் இருப்புப்பாதை திறக்கப்பட்டு இரயிலும் வந்தது. ஊர் வளர வளர, விளைநிலங்கள் மனைகளாகின்றன. மனை வாங்க எண்ணுவோர் சிலர், பழைய பத்திரங்களுடன் எம்போன்ற ஆசிரியர்களையும் நாடி வருவதுண்டு.

பத்திரத்தைப் பிரித்தால், அரபு ஓதியவனுக்குப் பழகிய சொற்களே எதிர்ப்படும். அசல், நகல், வாரிசு, ஷரத்து, பாக்கி, வகையறா யாவும் அரபு மூலம் உடையவை. ஜில்லா, தாலுகா, பசலி என்பனவும் அவ்வாறே. பாரசீகத்தை அலுவல் மொழியாகக் கொண்ட ஆட்சிகளின் வழியே இவை தமிழில் குடியேறின.

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் சேலச் சீமையைக் கும்பினியாருக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாயிருந்த தாமஸ் மன்றோவும் நிலங்களை அளந்து, உழவரோடு நேரே தீர்வை பேசினர். அதுவே ரயத்துவாரி முறையாக வளர்ந்தது. ‘ரயத்’ என்னும் சொல்லும் அரபே. மேய்ப்பனின் பொறுப்பில் உள்ளோர் என்பது அதன் அடிப்படைப் பொருள்.

பிக்ஹு நூல்களின்படி, ஒருவர் விற்றேன் என்றும் மற்றவர் வாங்கினேன் என்றும் கூறினாலே கிரயம் முடிந்துவிடும். ஆனால் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 100 ரூபாயும் அதற்கு மேலும் பெறுமதியுள்ள அசையாச் சொத்தின் விற்பனைக்குப் பதிவுப் பத்திரத்தைக் கட்டாயமாக்கியது. கடனை எழுதிக்கொள்ளுமாறு பணித்த மார்க்கத்தாருக்கு இது அந்நியமான ஏற்பாடன்று.

எனினும் ஒன்றை நாம் இழந்தோம். ‘ஷுஃப்ஆ’ என்பது, விற்கப்படும் வீட்டை அதே விலைக்குத் தாமே வாங்கிக்கொள்ளும் முன்னுரிமை. ஷாஃபியீ மத்ஹபில் இது கூட்டுப் பங்காளிக்கு உரியது. ஹனஃபி மத்ஹபில் அடுத்த வீட்டாருக்கும் உண்டு. வடநாட்டின் சில பகுதிகளில் இதனை நீதிமன்றங்கள் ஏற்றன. சென்னை உயர்நீதிமன்றமோ, விற்போரின் உரிமைக்கு இது தடையாகும் எனக் கருதி, 1870இல் ஏற்க மறுத்தது. அன்றுமுதல் இப்பகுதியில் வீட்டு விற்பனையில் அடுத்த வீட்டாருக்குச் சட்டத்தில் இடமில்லை.

சட்டம் கேட்காவிடினும் நாம் கேட்கலாமன்றோ? இதன் அருமையை ஒரு நிகழ்ச்சி எமக்கு உணர்த்திற்று. ஒரு குடும்பத்தார், தந்தை விட்டுச்சென்ற வீட்டை அவருடைய ஆண்மக்களிடம் வாங்கினர். வில்லங்கச் சான்றில் குறை ஏதும் இல்லை. ஈராண்டு கழித்து, வெளியூரில் வாழ்க்கைப்பட்ட மகள் தம் பங்கைக் கேட்டு வந்தார். அவர் கேட்டது நியாயமே. தந்தை இறந்த கணத்திலேயே மகளின் பங்கு மகளுக்கு உரியதாகிவிடுகிறது; சகோதரர் விற்றது தம் பங்கை மட்டுமே. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்துக்கு விலக்களித்திருந்தது. 1949இல் சென்னை மாகாணம் அவ்விலக்கையும் நீக்கிற்று. ஆதலின் வீடாயினும் வயலாயினும் பெண்ணின் பங்கு பங்கே.

வில்லங்கச் சான்று பதிவானவற்றை மட்டுமே காட்டும். பதிவேதும் இல்லாமலே உரிமை பெற்ற சகோதரி அதில் தென்படமாட்டார். வாரிசுச் சான்றை வாங்கிப் பார்ப்பதும், அதில் உள்ளோர் அனைவரிடமும் கையொப்பம் பெறுவதும் அதனால்தான் இன்றியமையாதவை. அதற்கும் முன்னதாகச் செய்யவேண்டியது ஒன்றுண்டு. அடுத்த வீட்டுத் திண்ணையில் சற்றே அமர்ந்து, “இவ்வீட்டில் பிறந்த பெண்மக்கள் எத்தனை பேர்?” எனக் கேளுங்கள். மேற்சொன்ன வீட்டின் அண்டையில் இருந்த மூதாட்டிக்கு அம்மகளின் திருமண நாள்கூட நினைவிருந்தது. அவரை எவரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு முன் அண்டை வீட்டாரைத் தேடு என்பது அரபியரிடை வழங்கும் பழமொழி.