ஷாம்பெயின் காக்டெயில்: வீட்டில் தயாரிப்பது எப்படி?

காக்டெயில் என்றதும் குலுக்கும் குவளையும் வரிசையாக அடுக்கிய மதுப் புட்டிகளும் நினைவுக்கு வரும். ஷாம்பெயின் காக்டெயிலுக்கு அவை எதுவும் தேவையில்லை. பரிமாறும் கோப்பையிலேயே தயாராகிவிடும் பானம் இது. ஆனால் அவசரப்பட்டு ஊற்றினால், விலையுயர்ந்த மது நுரையாகப் பொங்கி மேசையில் வழிந்துவிடும்.

சர்வதேச பார்டெண்டர்கள் சங்கத்தின் அளவுப்படி ஒரு கோப்பைக்கு 90 மி.லி. குளிர்ந்த ஷாம்பெயின், 10 மி.லி. காக்னாக், ஒரு சர்க்கரைக் கட்டி, இரண்டு சொட்டு வீச்சு அங்கோஸ்துரா பிட்டர்ஸ் ஆகியவை தேவை. சர்க்கரைக் கட்டியைக் கரண்டியில் வைத்து, அதன் மேல் பிட்டர்ஸை விட்டு ஊறச்செய்ய வேண்டும். பின்னர் அதை ஒடுங்கிய நெடிய கோப்பையில் இட்டு, காக்னாக்கை ஊற்ற வேண்டும். ஷாம்பெயினைக் கோப்பையைச் சாய்த்தபடி இரண்டு தவணையாக, மெதுவாக ஊற்றுவது நல்லது. இறுதியில் எலுமிச்சைத் தோலைப் பிழிந்து அதன் வாசனை எண்ணெயைச் சேர்க்கலாம். கலக்கக் கூடாது.

கலக்காததற்குக் காரணம் உண்டு. சர்க்கரைக் கட்டியின் சொரசொரப்பான பரப்பில் சிக்கியுள்ள நுண்ணிய காற்றைப் பற்றிக்கொண்டே, மதுவில் கரைந்துள்ள கரியமில வாயு குமிழிகளாக எழுகிறது. கட்டி கரையக் கரைய அடியில் இனிப்பு சேர்கிறது. எனவே முதல் மிடறு உலர்ந்த சுவையுடனும் கடைசி மிடறு இனிப்பாகவும் இருக்கும். இந்த மாற்றமே இப்பானத்தின் அழகு.

அமெரிக்கரான ஜெர்ரி தாமஸ் 1862-இல் வெளியிட்ட நூலிலும் ஷாம்பெயின் காக்டெயில் இடம்பெற்றுள்ளது. அதில் காக்னாக் இல்லை. விந்தையாக, நன்கு குலுக்கும்படி அதில் எழுதப்பட்டுள்ளது. அதை மட்டும் பின்பற்ற வேண்டாம். அங்கோஸ்துரா பிட்டர்ஸோ மருந்தாகப் பிறந்தது. வெனிசுவேலாவின் அங்கோஸ்துரா நகரில் பணியாற்றிய ஜெர்மானிய மருத்துவர் சீகெர்ட் 1824-இல் வயிற்றுக் கோளாறுகளுக்காக அதை உருவாக்கினார். இன்று அது டிரினிடாட்டில் தயாராகிறது.

பிரான்சின் ஷாம்பெயின் பகுதியில் தயாராகும் மதுவுக்கே அப்பெயர் உரியது. இந்தியாவிலும் அதற்குப் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு உள்ளது. எனினும் சர்க்கரையும் பிட்டர்ஸும் சேரும் பானத்துக்கு மிக உயர்ந்த புட்டியைத் திறப்பது வீண். நாசிக் பகுதியில் தயாராகும், 'புரூட்' எனக் குறிக்கப்பட்ட இனிப்புக் குறைந்த நுரை ஒயினே போதும்.

புட்டியைத் திறப்பதில்தான் கூடுதல் கவனம் தேவை. உள்ளே உள்ள அழுத்தம் கார் டயரின் அழுத்தத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். தக்கை கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கப்படலாம். புட்டியை நன்கு குளிரவைத்து, எவர் முகத்தையும் நோக்காமல் சாய்த்துப் பிடித்து, தக்கையைக் கட்டைவிரலால் அழுத்தியபடியே கம்பிக் கூட்டைத் தளர்த்த வேண்டும். பிறகு தக்கையைத் திருகாமல், புட்டியைத் திருப்ப வேண்டும்.

காக்னாக் சேர்வதால் இப்பானத்தின் ஆல்கஹால் அளவு ஏறக்குறைய 15 சதவீதமாக உயர்கிறது. இனிப்பு அதை மறைத்துவிடும் என்பதால் அருந்திவிட்டு வாகனம் ஓட்டக் கூடாது. பீகார், குஜராத் போன்ற மாநிலங்களில் மதுவிலக்கு நடைமுறையில் உள்ளது. மது அருந்துவதற்கான வயது வரம்பும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

750 மி.லி. புட்டி ஒன்றில் எட்டுக் கோப்பைகள் தயாரிக்கலாம். திறந்த புட்டியில் மறுநாளே குமிழிகள் குன்றிவிடும் என்பதால், ஒருவர் இருவருக்காக அதைத் திறப்பது கட்டுப்படியாகாது.