கண்ணில் பிறந்த பெயரும் காலில் பிறந்த பெயரும்

கீழச்சிவல்பட்டிப் பக்கத்தில் யார் வாயிலும் 'குன்றக்குடி' வருவது அரிது. கன்று 'கன்னுக்குட்டி' ஆன வழியிலேயே குன்றும் குன்னாகி, ஊர் குன்னக்குடி ஆயிற்று. வயலின் வைத்தியநாதனுக்கு அந்தப் பேச்சுப் பெயரே நிலைத்தது. மடத்துத் தலைவருக்கு மட்டும் எழுத்துப் பெயர்: குன்றக்குடி அடிகளார்.

இது வீட்டில் வைத்த பெயரல்ல. மடத்தில் சூட்டியதும் அல்ல. 1925இல் மயிலாடுதுறைப் பக்கத்து நடுத்திட்டில் பிறந்தபோது அவர் அரங்கநாதன். பெருமாள் பெயரோடு சைவ மடம் புகுந்தது தனிச் சுவை. தருமபுரத்தில் கந்தசாமித் தம்பிரான். 1949இல் குன்றக்குடிக்கு வந்து, 1952இல் தலைமை ஏற்றபோது தெய்வசிகாமணி அருணாசல தேசிக பரமாசாரிய சுவாமிகள். 'தெய்வசிகாமணி' அந்த மடத்தின் பரம்பரைப் பெயர். அருணாசலம் அண்ணாமலையின் வடமொழிப் பெயர். மடமும் இன்றுவரை திருவண்ணாமலை ஆதீனம்தான்.

ஆதீனத்தில் அடுத்துப் பட்டத்துக்கு வருபவர் 'இளவரசு'. பட்டம், கொலு, சிவிகை என்று துறவியைச் சுற்றிலும் அரண்மனைச் சொற்கள். இடைக்கால ஜெர்மனியில் இது சொல்லளவில் நிற்கவில்லை. மைன்ஸ், கொலோன், ட்ரியர் பேராயர்கள் நிலம் ஆண்ட சிற்றரசர்கள். பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் ஏழு பேரில் இவர்கள் மூவர் என்று 1356ஆம் ஆண்டின் பொன்முத்திரைச் சாசனம் உறுதி செய்தது. அவர்களின் பதவிப் பெயருக்குக் கிரேக்க வேர்; பொருள், தலைமைக் கண்காணி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கங்காணிக்கும் அதே பொருள்தான். கையில் இருந்த கோல் மட்டும் வேறு.

அங்கே பதவிப் பெயர் கண்ணில் பிறந்தது, இங்கே காலில். பெரியவரின் பெயரைச் சொல்லாமல் பாதத்தைச் சொல்வது பழைய மரியாதை. அடியோடு 'கள்' சேர்ந்து அடிகள். அதுவும் போதாதென்று 'ஆர்' சேர்ந்து அடிகளார். அடியார், அடியேன், அடிமை எல்லாம் அதே வேர். வணங்கப்படுபவரும் வணங்குபவரும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். சிலம்பு தந்தவரின் பெயரைப் பிரித்துப் பாருங்கள்: இளங்கோ என்றால் இளவரசு, அதன்மேல் அடிகள். சேர அரசகுமாரன் துறவியான மரபுக்கதை முழுவதும் அந்தப் பெயருக்குள் அடங்கிவிடுகிறது. சுவாமி வேதாசலம் மறைமலையடிகள் ஆனபோது இச்சொல்லில் திருநீற்று மணத்தோடு தனித்தமிழ் மணமும் ஏறியது.

குன்றக்குடியாருக்கு இரண்டும் பொருந்தின. தமிழ் வழிபாட்டுக்காகப் பேசினார், பெரியாரோடு நட்புப் பாராட்டினார், சட்டமேலவையில் உட்கார்ந்தார், கிராமத்துப் பொருளாதாரத்துக்குக் 'குன்றக்குடித் திட்டம்' வகுத்தார். ஊருக்குள் இறங்கி நடந்த ஒருவரை அழைக்க 'பரமாசாரிய சுவாமிகள்' ரொம்ப நீளம். சிவிகையில் இருப்பவருக்குத்தான் அது சரிப்படும்.

1995இல் அவர் மறைந்தார். அடுத்துப் பட்டத்துக்கு வந்தவரின் பெயர் பொன்னம்பல அடிகளார்.