துண்டுச் சீட்டும் கஃபாலத்தும்

சேர்வராயன் மலையில் காப்பிப் பயிர் வேரூன்றியது 1820களில். அன்றைய சேலம் மாவட்ட ஆட்சியர் எம்.டி. காக்பர்ன் அதனை அங்கு அறிமுகப்படுத்தினார். நாளடைவில் ஏற்காட்டைச் சுற்றி வெள்ளையரின் தோட்டங்கள் பெருகின. கடலுக்கு அப்பால் இலங்கையின் கண்டி மலைநாட்டிலும் அதே நூற்றாண்டில் காப்பியும், பின்னர் தேயிலையும் பரவின. மலைகள் வேறானாலும் சேலத்துச் சமவெளியின் ஏழைகளுக்கு இரண்டும் பிழைப்புத் தேடிச் செல்லும் இடங்களாயின. திருச்சி, தஞ்சை, மதுரை மாவட்டத்தாரோடு சேலத்தாரும் பெருந்தொகையாக இலங்கைக்குச் சென்றனர்.

தோட்டத்திற்கு ஆள் சேர்க்கும் முறை எங்கும் ஏறக்குறைய ஒன்றே. கங்காணியோ மேஸ்திரியோ ஊருக்கு வந்து முன்பணம் கொடுப்பார். அதை வாங்கிய கையோடு தொழிலாளி கடன்காரனாகிவிடுவான். முன்பணம் பெற்றபின் வேலையைவிட்டு நீங்குவோரைக் குற்றவாளியாக்கிச் சிறைக்கு அனுப்ப, பிரிட்டிஷ் இந்தியாவில் 1859ஆம் ஆண்டின் 13ஆவது சட்டம் வழிசெய்தது. சென்னை மாகாணத் தோட்ட முதலாளிகளுக்கு அது வாய்ப்பான ஆயுதமாக விளங்கியது. 1925இல்தான் அதனை நீக்கச் சட்டம் இயற்றப்பட்டது.

இலங்கையின் நிலை இன்னும் நுட்பமானது. அங்குச் சட்டப்படி தோட்டத் தொழிலாளியின் ஒப்பந்தம் மாதக் கணக்கிலானது. ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்தால் அவன் விலகலாம். ஆயினும் நடைமுறையில் அவனைக் கட்டியது ‘துண்டு’ என்னும் சிறு சீட்டு. இத்தனை பேர் கொண்ட கூட்டத்தின் கடன் இவ்வளவு, அதனைச் செலுத்துவோரிடம் இவர்களை விடுவிப்பேன் என்று தோட்டத் துரை அதில் எழுதிக் கொடுப்பார். கங்காணி அச்சீட்டை எடுத்துக்கொண்டு வேறு தோட்டங்களுக்குச் செல்வார். கடனைத் தீர்த்து, மேலும் முன்பணம் தருபவரிடம் தம் கூட்டத்தை அழைத்துச் செல்வார். தோட்டம் மாறியது, துரை மாறினார். கடன் மட்டும் தீராமல் வளர்ந்தது. பணி மாற்றம் என்ற பெயரில் நிகழ்ந்தது கடனின் கைமாற்றமே. 1921ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கையில் துண்டு முறையை ஒழித்தது.

சீட்டு ஒழிந்தது, அதன் கருத்து ஒழியவில்லை. வளைகுடா நாடுகளின் கஃபாலா முறையில், தொழிலாளியின் விசாவும் தங்கும் அனுமதியும் அவரை வரவழைத்த கஃபீலோடு பிணைக்கப்பட்டன. வேறு வேலைக்கு மாற அவருடைய ஆட்சேபமின்மைச் சான்று தேவைப்பட்டது. நம் இளைஞர்கள் ‘என்.ஓ.சி.’ என்று சொல்லி ஏங்கிய தாள் அதுவே. 2020இல் கத்தர் அச்சான்றின் தேவையை நீக்கியது. இரண்டு ஆண்டுகள் வரை பணியாற்றியோர் ஒரு மாதமும், அதற்கு மேற்பட்டோர் இரண்டு மாதமும் முன்னறிவிப்புக் கொடுத்து மாறலாம் என்றாயிற்று. வீட்டுப் பணியாளர்களும் இதில் அடங்குவர். 2021 மார்ச்சில் சவூதி அரேபியாவும் ஓராண்டுப் பணிக்குப்பின் முதலாளியின் இசைவின்றி மாற வழிவகுத்தது. ஆனால் வீட்டு ஓட்டுநர், வீட்டுப் பணியாளர், தோட்டக்காரர் ஆகியோர் அச்சீர்திருத்தத்தில் சேர்க்கப்படவில்லை. ஆகவே விசாவில் எழுதப்பட்டுள்ள தொழில் எது என்பது வெறும் சொல்லன்று. ஒருவருடைய உரிமையின் எல்லையையே அது வரையறுக்கிறது. விமானம் ஏறுமுன் அதனைப் படித்தறிவது கடமை.

கஃபாலத் என்பது ஃபிக்ஹில் பிறருக்காகப் பொறுப்பேற்பதைக் குறிக்கும் சொல். மர்யம் (அலை) அவர்களைப் பராமரிக்கும் பொறுப்பு ஸகரிய்யா (அலை) அவர்களுக்கு அளிக்கப்பட்டதைக் கூறுமிடத்தில் திருக்குர்ஆன் இதே வேர்ச்சொல்லை ஆள்கிறது. அரவணைப்பைக் குறித்த சொல் ஆதிக்கத்தைக் குறிக்கலாயிற்றே என்று எண்ணும்போது நெஞ்சம் வருந்துகிறது.

மத்யனுக்கு அடைக்கலம் தேடிச் சென்ற மூஸா (அலை) அவர்களும் அயல்நாட்டுத் தொழிலாளியே. அல்கஸஸ் அத்தியாயம் அவ்வுடன்படிக்கையை விவரிக்கிறது. எட்டு ஆண்டுகள் கட்டாயம். பத்தாக நிறைவுசெய்வது மூஸாவின் விருப்பம். அவருக்குச் சிரமம் தர நாடவில்லை என்று அந்த முதியவர் முன்கூட்டியே கூறுகிறார். தவணை தெளிவு, விருப்பம் உழைப்பவருடையது, அல்லாஹ்வே சாட்சி. வாக்கைக் காப்பாற்றுவது உழைப்பவரின் கடமை. தவணை முடிந்தபின் வழிமறிக்காதிருப்பது முதலாளியின் கடமை. முன்னதைப் பற்றி நம் மேடைகளில் நிறையப் பேசுகிறோம். பின்னதைப் பற்றிப் பேசுவது குறைவு.

பேசவேண்டிய காரணம் உண்டு. வளைகுடாவிலும் மலேசியாவிலும் கடையும் உணவகமும் நடத்தும் நம் சகோதரர்கள் சொந்த ஊர்ப் பிள்ளைகளை வரவழைக்கின்றனர். அது பெரும் உதவி. ஆனால் விசாச் செலவைக் கடனாக எழுதிவைத்து, பாஸ்போர்ட்டைப் பெட்டியில் பூட்டி, “என் காசைக் கொடுத்துவிட்டுப் போ” என்று சொல்லும்போது, அந்தப் பழைய துண்டுச் சீட்டை நாமே மீண்டும் எழுதுகிறோம். சுதந்திரமான மனிதனை விற்று அதன் கிரயத்தை உண்பவனும், வேலை வாங்கிக்கொண்டு கூலி தராதவனும் மறுமையில் அல்லாஹ்வின் வழக்கிற்கு ஆளாவார்கள் என்பதைப் புகாரியில் பதிவான நபிமொழி ஒருசேர எச்சரிக்கிறது.

கொடுத்த கடனுக்குத் தெளிவான கணக்கும் தவணையும் வைத்துக்கொள்வதை மார்க்கம் தடுக்கவில்லை. ஆளையே அக்கடனுக்கு அடகாக வைப்பதைத்தான் அது ஏற்பதில்லை. நம்மிடம் பணிபுரிவோர் மனநிறைவோடு வந்து, மனநிறைவோடு விடைபெறும் நற்பேற்றை அல்லாஹ் நமக்கு அருள்வானாக. ஆமீன்.