லியோன் நகரத்துப் பேய் வீடு

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு லியோன் நகரம் என்றால் பட்டு நெசவுதான் நினைவுக்கு வரும். துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பூவேலை நெய்யும் தறியை 1804-இல் அமைத்த ழக்கார் அந்த ஊர்க்காரர். ஓய்வுக்குப் பின் மகனோடு நான் வசிக்கும் திருப்பூரில் 'ஜக்கார்டு' துணி என்று சொல்வது அவர் பெயரைத்தான். அந்தத் துளை அட்டை பிற்காலத்தில் கம்ப்யூட்டருக்கும் வழிகாட்டியது.

அதே லியோன் பகுதியிலிருந்து 1992-இல் வந்த வீடியோ கேம் 'அலோன் இன் தி டார்க்'. இன்ஃபோகிராம் நிறுவனத்துக்காக ஃபிரெடெரிக் ரெய்னால் என்பவர் உருவாக்கியது. பழைய ஆட்டங்களைத் தேடி விளையாடும் என் பேரன், அதன் பிரெஞ்சுப் பதிப்பில் வரும் கடிதங்களைப் படித்துச் சொல்ல என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வான். கதை நடப்பது ஒரு பாழடைந்த மாளிகையில். வரைந்த பின்னணிப் படத்தின் மேல் முப்பரிமாண உருவங்கள் நடமாடும். கேமரா அசையாமல் ஒரு மூலையிலிருந்தே பார்க்கும். ஜன்னல் வழியே பேய் வரும்முன் பீரோவைத் தள்ளி அடைக்க வேண்டும். எதிர்த்து அடிப்பதைவிட ஒதுங்கிப் போவதே பல இடங்களில் புத்திசாலித்தனம்.

ஆட்டம் பெரும் வெற்றி. ஆனால் ரெய்னால் விலகிப்போய், அதே ஊரில் அடலின் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் இல்லாமலே 1993-இல் இரண்டாம் பாகம் வந்தது. 1924 கிறிஸ்துமஸ் சமயம். கடத்தப்பட்ட கிரேஸ் என்ற சிறுமியைத் தேடிப் போகும் கதை. செடிவேலிப் புதிர்ப்பாதை, மாளிகை, கடற்கொள்ளையர் கப்பல் என்று காட்சிகள் கண்ணைப் பறிக்கும். விளையாட உட்கார்ந்தால்தான் சங்கடம். தொடக்கத்திலிருந்தே துப்பாக்கிச் சண்டை. கேமராவோ பழையபடி அசையாது. எதிரி நிற்கும் இடம் தெரியாமலே குண்டு மட்டும் வந்து விழும். பேரன் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் செத்து, கடைசியில் எழுந்து போய்விட்டான்.

இதன் காரணம் திருப்பூர்க்காரர்களுக்கு எளிதில் விளங்கும். நன்றாக இழுபடும் ரிப் துணிக்குப் போட்ட பேட்டர்னை இழுபடாத துணியில் வைத்து வெட்டினால், பிரிண்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் கழுத்து தலைக்குள் நுழையாது. மெதுவாக நடந்து பயப்படுவதற்கென்று அமைத்த கேமராவை இவர்கள் சண்டைக்கு மாட்டிவிட்டார்கள். இரண்டாம் பாகத்திலேயே, சிறுமி கிரேஸ் துப்பாக்கி இல்லாமல் ஒளிந்து ஒளிந்து போகும் பகுதியில் பழைய திகில் திரும்பி வருகிறது. பேட்டர்னில் குற்றமில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

1996-இல் ஜப்பானின் கேப்காம் 'ரெசிடென்ட் ஈவில்' ஆட்டத்தை வெளியிட்டது. அதிலும் அசையாத கேமராதான். ஆனால் குண்டுகளை எண்ணி எண்ணித்தான் செலவழிக்க வேண்டும். அதை இயக்கிய ஷின்ஜி மிகாமி, முதல் 'அலோன்' ஆட்டத்துக்குத் தாம் பட்ட கடனை பின்னாளில் 'லெ மோந்த்' நாளிதழிடம் ஒப்புக்கொண்டார். லியோன்காரர்கள் கைவிட்டதை ஜப்பான்காரர் எடுத்துக்கொண்டார்.