கோடிக்கரைக் கானல்வழி

கடற்கரைக் காடுகளைக் கால்நடையாகச் சென்று காண்பது மேலைநாட்டார் தம் தேசியப் பூங்காக்களில் வளர்த்த வழக்கம் என்று கருதுவோர் நம்மிடையே உளர். சுந்தரர் சேரமான் பெருமாளுடன் திருமறைக்காட்டையும் அகத்தியான்பள்ளியையும் கடந்து கோடிக்கரை சென்ற வழியை அவர்கள் மறந்தனர் போலும்.

கோடி என்பது முனை. வங்கக் கடலோரமாகத் தெற்கு நோக்கி வரும் சோழநாட்டுக் கரை மேற்கே திரும்பும் மூலை அது. அங்கே குழகர் தனித்திருக்கக் கண்ட சுந்தரர், கடுங்காற்று வீசும் இக்கரையில் அயலே ஒரு குடியிருப்பும் இல்லையே என்று வருந்துகிறார். மரப்பொந்துகளில் ஆந்தையும் கூகையும் குழற அம்மை அஞ்சுவாளே என்கிறார். அங்குத் திரியும் வேடரையும் நல்லவராகக் கூறவில்லை. பக்திப் பாடலை நில அளவைப் பதிவேடாகக் கொள்ளலாகாது. எனினும் எட்டாம் நூற்றாண்டினர் எனப் பலரும் கொள்ளும் ஒருவரின் பாட்டில், பொந்து விழும் அளவு முதிர்ந்த மரங்கள் கடலருகே நின்ற செய்தி கிடைக்கிறது. அன்று அவரை வருத்திய தனிமையே பின்னர் அக்காட்டுக்குக் காப்பாயிற்று என்பது என் கருத்து.

சட்டப்படி தேசியப் பூங்கா என்னும் பெயர் 1986இல் மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குக் கிட்டியது. கோடிக்கரை 1967 முதல் வனவிலங்குச் சரணாலயம்; 2002இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. வேதாரண்யத்திலிருந்து தெற்கே செல்வோர் முதலில் அகத்தியம்பள்ளி உப்பளங்களைக் காண்பர். 1930 ஏப்ரல் 13இல் திருச்சியிலிருந்து தொண்டர்களுடன் நடந்து வந்த இராஜாஜி, அம்மாதம் 30ஆம் நாள் உப்பள்ளிச் சட்டத்தை மீறிய இடம் அது. அதன்பின் உலர் பசுமைமாறாக் காடு; இராமர் பாதம் எனப்படும் சிறு மேடு; புல்வெளியில் மேயும் வெளிமான்கள். சங்கப் புலவர் முல்லையில் பாடிய இரலை இங்கு நெய்தலில் மேய்வதைத் திணைமயக்கத்துக்குச் சான்றாக மாணவர்க்குக் காட்டலாம். குளிர்காலத்தில் சேற்று நிலங்களில் பூநாரைகள் இறங்கும்.

இவ்வழியில் இழந்தது ஒன்றுண்டு. சோழர் காலத்தது என வழங்கப்பட்ட செங்கற் கலங்கரை விளக்கத்தின் எச்சம் கரையில் நின்றது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்க்கு அக்கரையும் விளக்கமும் அந்நியமல்ல. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அதனைச் சிதைத்துவிட்டது. 1967ஆம் ஆண்டின் ஏற்பாடு மானுக்கும் பறவைக்கும் எல்லை வகுத்தது, செங்கல்லுக்கு வகுக்கவில்லை. காட்டைக் காப்போரும் தொல்லியலாரும் வெவ்வேறு வாயில்களில் நிற்கும் வரை இந்நிலை நீடிக்கும்.

அவ்விளக்கத்தை நேரில் கண்ட மீனவ முதியோர் உள்ளபோதே அவர்தம் நினைவுகளைப் பதிவு செய்தல் வேண்டும். பழைய நிழற்படங்கள் வீட்டுப் பெட்டிகளில் இருக்கக்கூடும், அவற்றையும் தொகுக்கலாம். பத்தாண்டு நிறைந்த நம் மன்றத்துக்கு இது ஏற்ற பணி. வடலூரிலிருந்து சிதம்பரம், நாகப்பட்டினம் வழியாக ஒரே நாளில் கோடிக்கரை சென்றடையலாம். காட்டினுள் நடக்க வனத்துறையின் இசைவை முன்னரே பெறுதல் நலம்.